பூமயில் என்ற பேரில் பாடினேன்

தம்பி,

நேற்று காலையில் அபிநயா போன் பண்ணியிருந்தாள். வரவேற்பு அன்றைக்கு நான் ஒரு பாட்டாவது பாட வேண்டுமாம். "அத்தை, மினிபஸ் பாட்டைப் பாடுங்க, எங்க காலேஜ் பிள்ளைங்க எல்லாரும் ஆடுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு நீ கூப்பிட்டாய். "பாடப்போறேன், நடிக்கப்போறேன்னு இத்தனை வருசம் என்னைய விட்டுட்டு விட்டுட்டுப் போனீங்க. பெத்த புள்ள கல்யாணத்துல பாட மட்டும் ஒங்களுக்கு வாய் வரலையா?" என்று கேட்டாய். நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்குப் பதில் போனில் சொல்லக்கூடியது இல்லை. சொன்னால் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

போன பொங்கலிலிருந்து நான் ஒரு வரிகூடப் பாடவில்லை. டிவிக்காரர்களிடம் தொண்டையில் கட்டி என்று சொல்லியிருக்கிறேன். திருவிழாவுக்குத் தேதி கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். தொண்டையில் ஒன்றுமில்லை, தம்பி. பாடினால் என்ன கேட்குமோ என்ற பயம்தான். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் ஒருநாள் என் ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல வேற பேரு போட்டிருக்கே, பூமயில்னு இல்லையே" என்று கேட்டாய். சினிமாக்காரங்க அப்படித்தான் வேற பேரு வைப்பாங்க என்று உங்கப்பா சமாளித்தார். அந்தப் பேரை யாரும் எனக்காக யோசித்து வைக்கவில்லை. பூமயில் என்று ஒரு பெண் இருந்தாள். கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு, முந்திரிக்காட்டை ஒட்டி அவள் வீடு. எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவளுக்குப் போட்டோவும் எடுத்து வைக்கவில்லை. இன்று வரைக்கும் அவள் முகம் எனக்குத் தெரியாது.

திருமயத்தில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் உன் தாத்தா தையல் கடை வைத்திருந்தார், அது உனக்குத் தெரியும். ஆவூர் அருளப்பன் மாஸ்டர் தன் மெல்லிசைக் குழுவுக்குக் கோட்டு தைக்க அங்கேதான் வருவார். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம், மற்ற நேரத்தில் கச்சேரி. குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் பாடகி கிடைத்திருக்கிறாள், பேரு பூமயில் என்று சொல்லி, மேடைக்குப் போட ஜிகினா வைத்த ஊதா ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார். அவளே வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அப்போது டைப்ரைட்டிங் கிளாஸில் இருந்தேன். தைத்து முடித்த ரவிக்கை கடைக்குள் கம்பியில் தொங்கியது. வாங்கிப்போக யாரும் வரவில்லை.

கச்சேரி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவில். சுவருக்குச் சுவர் பூமயில் பாடுகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பொண்ணு வரல. காய்ச்சல்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். ஒங்க பொண்ணு ஸ்கூல்ல பாடுவாள்ல, இன்னைக்கு ஒருநாள் மட்டும் அனுப்புங்க" என்று உன் தாத்தாவிடம் கெஞ்சினார். தாத்தா முடியாது என்றார். பிறகு மாஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வா, பிடித்துத் தைத்துக் கொடுக்கிறேன் என்று ஊசியில் நூலைக் கோத்து வைத்தார். நான் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். ஒரு கொக்கியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அளவெடுத்தவர் அவர்தான். எனக்குப் பிறந்ததிலிருந்து தைத்துப் போட்டவரும் அவர்தான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோத்த நூலை உருவி ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் மேடையேறினேன். முதல் பாட்டு அம்மன் பாட்டு, எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதன் நடுவில் மாஸ்டர் சொந்தமாக ஓர் இழுவை சேர்த்து வைத்திருந்தார். ஒத்திகையில் பூமயிலுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. எனக்குச் சொல்ல அவருக்கு நேரமில்லை, மறந்துவிட்டார். அந்த இடம் வந்ததும் நான் அதைப் பாடினேன். எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டுமோ அப்படியே. உங்கப்பா அந்தக் குழுவில் டோலக் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்ததுதான் எங்கள் முதல் பார்வை. ஆசையில் பார்த்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார், "எனக்கு அன்னைக்கு முதுகு சில்லுன்னு போச்சு, அதான் பாத்தேன்" என்று.

மறுநாள் மாஸ்டர் மறுபடி வந்தார். சட்டையெல்லாம் கசங்கி, அழுது வீங்கிய முகத்தோடு. விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவள் உயிர் போயிருக்கிறது. மூளைக்காய்ச்சல். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பாடுகிற மாதிரி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அவ்வளவுதான் என்று அவளுடைய அம்மா சொன்னாராம். அடுத்தடுத்து ஏழெட்டு ஊருக்கு அந்தப் பேரில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி மாஸ்டர் கேட்டிருக்கிறார். அந்தம்மா, "பேரு மண்ணுக்குள்ள போயி என்னத்தச் செய்யப்போகுது. அந்தப் புள்ள வச்சுக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் பூமயில் ஆனேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். டேப் காலத்தில் அம்மன் பாட்டு, தெம்மாங்கு என்று வரிசையாக வந்தது. அப்புறம் சென்னையில் ஒரு கம்பெனிக்காரர் பாப் ஆல்பம் போடலாம் என்று கூப்பிட்டார். சேலையில் வந்தவளுக்கு ஜீன்ஸைப் போட்டு, முடியை வெட்டி, மினிபஸ் மேல் ஏற்றி ஆடவிட்டார்கள். அந்த மினிபஸ் பாட்டு கன்னியாகுமரி வரைக்கும் எல்லா பஸ்ஸிலும் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு சினிமாவில் கதாநாயகிக்குத் தோழியாகப் போட்டார்கள். அப்புறம் கதாநாயகனுக்கு அக்கா, அப்புறம் அம்மா. எதிலும் நான் கடைசி வரை உயிரோடு இருந்ததில்லை. பாதிப் படத்தில் செத்துவிடுவேன், மீதிப் படத்தில் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்குவேன். சீரியலில் பேயாகவே நடித்தேன். இப்போது பாட்டுப் போட்டியில் நடுவர் நாற்காலி. நாற்பது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. இவ்வளவு நாள் இந்த ஓட்டத்தில் நின்ற பாப் பாடகிகள் ரொம்பப் பேர் இல்லை என்று பேட்டி எடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள். ரகசியம் என்ன என்று கேட்பார்கள். தேன், மிளகு, நேரத்துக்குத் தூக்கம் என்று சொல்லி வைப்பேன்.

ரகசியம் வேறு. ரெக்கார்டிங் ஆரம்பித்த காலத்திலேயே சவுண்ட் என்ஜினியர்கள் ஒன்று சொல்வார்கள். "அக்கா, பாடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ மூச்சு இழுக்குறீங்க. ஒண்ணு போதும்." நான் ஒரு தடவைதான் இழுப்பேன். போட்டுக் காட்டுவார்கள். ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். முதலில் இலேசாக ஒரு மூச்சு, வாயைத் திறந்து அவசரமாக இழுப்பது. அதற்குப் பிறகு என் மூச்சு. எல்லாப் பாட்டிலும் அந்த முதல் மூச்சை வெட்டிவிட்டுத்தான் வெளியிடுவார்கள். ஸ்டுடியோ மாறியது, மைக் மாறியது, டேப் போய் கம்ப்யூட்டர் வந்தது, அந்த மூச்சு மட்டும் மாறவில்லை. படப்பிடிப்பில் டைரக்டர்கள் வேறொன்று சொல்வார்கள். பாட்டுக் காட்சி ஆரம்பிக்குமுன் நான் இடது காதை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறேனாம். எனக்குத் தெரியாமலே கை போய்விடும். உங்கப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்தப் புள்ளைக்குப் பாட ஆசை. ஒனக்குப் பாட வாய் இருக்கு. ரெண்டு பேரும் பாடிட்டுப் போங்க" என்றார், இலையில் சாதத்தைப் பிசைந்துகொண்டே. பயந்து நடுங்குகிற மனுசனைக் கட்டியிருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். அபிநயா ஒருநாள் உன்னிடம் வந்து, நம்பவே முடியாத ஒன்றைச் சொல்வாள். எல்லாப் பெண்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். அதை நீ நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பாட்டை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டால் போதும்.

அந்த மாலை போட்ட போட்டோ ஒன்றைப் படம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நல்ல சட்டம் போட்டிருந்தது என்று. நீ அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்தாய். அதைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய். ஏன்டா என்று கேட்டதற்கு, "அது நீங்க இல்ல" என்றாய். சின்னப் பிள்ளை, அம்மா செத்த மாதிரி இருக்கிறதென்று பயந்திருப்பாய். உங்கப்பாவும் நானும்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பூமயிலின் அம்மாவை நான் பார்த்தது ஒரு பேய்ப்படத்துக்காகக் கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டில் படப்பிடிப்பு நடந்தபோது. உச்சி வெயில். வெள்ளைச் சேலை, முகத்தில் சாம்பல் பூச்சு, கண்ணுக்கடியில் கறுப்பு மை என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு ஒரு அம்மா வந்தார். குட்டையாக, காதில் தோடு இல்லாமல், கையெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போய். "நான் வெள்ளையம்மா. பூமயிலு ஆத்தா" என்றார். எழுந்து நின்றுவிட்டேன். நான் போட்டிருந்த வேஷம் அப்படி. எந்தத் தாய் அதைப் பார்ப்பாள்? முகத்தைத் துடைக்கத் துணி தேடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் இடது தோளுக்குக் கொஞ்சம் அங்கிட்டுப் பார்த்தபடி, "சாப்புட்டியாத்தா? கருவாட்டுக் கொழம்பு வச்சேன். ஒனக்குப் புடிக்குமேன்னு" என்றார்.

மகள் நினைப்பில் மனசு பேதலித்த தாய் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக ஒருநாள் மகளாக இருப்பதில் என்ன குறைந்துவிடும், அன்றாடம் நடிக்கிறவள்தானே நான். "சாப்புடுறேன்த்தா" என்று சட்டியை வாங்கிச் சாப்பிட்டேன். "காது வலி இப்ப தேவலையா? அமுக்கி அமுக்கித்தானே சுருதி புடிப்ப" என்றார். சட்டியைக் கீழே வைத்தேன். இடது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் வடியுமாம், அதை அழுத்திக்கொண்டால்தான் அவளுக்குப் பாட வருமாம். இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. மாஸ்டருக்கே தெரியாது.

அதிலிருந்து வருசா வருசம் முந்திரி பழுக்கிற காலத்தில் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். வெளியூரில் படப்பிடிப்பு இருந்தாலும் இரண்டு நாள் லீவு கேட்டு வருவேன். நீ பிளஸ் டூ எழுதிய வருசம்கூட உன்னை விட்டுவிட்டுப் போனேன், நீ கோபித்துக்கொண்டாய். அங்கே போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. செம்மண் வாசலில் பாய் போடுவார். முந்திரிப்பழ வாடை காடு முழுக்க அடிக்கும். அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். தலைக்கு எண்ணெய் தேய்க்கிறியா, ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, இந்த மாதிரி. ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை. நான் பதில் சொல்லி முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு சரி சரி என்பார். சில சமயம் வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கிற மாதிரி நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன பொங்கலுக்கு நீ லீவு போட்டு வந்திருந்தாய். பாதிப் பொங்கலில் எனக்குப் போன் வந்தது, நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். வெள்ளையம்மா ஆத்தாவின் தம்பி மகன்தான் பேசியது. "அத்தை படுத்துட்டாங்க. ஒங்களத்தான் கேக்குறாங்க. சீக்கிரம் வாங்க" என்றார். போய்ச் சேர்ந்தபோது காலைச் சாப்பாட்டு நேரம். வாசல் திறந்து கிடந்தது, வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. ஒரு கைப்பிடி ஆளாகச் சுருங்கிப்போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தம்பி. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"நீ திருமயத்துத் தையக்காரர் மகதானே?" என்றார்.

"ஆமாத்தா."

"நல்ல புள்ள. இம்புட்டு வருசமா எம் மகளைக் கூட்டியாந்து கூட்டியாந்து காட்டிட்டுப் போன. ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசலையேன்னு நெனச்சுக்கிறாத. அவகிட்டப் பேசவே எனக்கு நேரம் பத்தல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பினால் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. வெளியே கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருசமும் நான் அவருக்கு மகளாக நடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பைத்தியம் என்று இரக்கப்பட்டேன். அவர் என்னை ஒருநாளும் மகள் என்று நினைத்ததில்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆள். நான் சொன்ன பதிலெல்லாம் நடுவில் புகுந்து பேசியது. முடிந்த பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாரே, அதுதான் அவருக்கு வந்த பதில்.

கொஞ்ச நேரம் கழித்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "எனக்குத் தொணை இல்ல. நான் போறப்ப அவள எங்கூட அனுப்பிரு" என்றார்.

"நான் எப்படித்தா அனுப்புறது?"

"பேரைச் சொல்லிப் போன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் போவா. அவ பேரு ஒங்கிட்டத்தான இருக்கு."

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் குரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? ஒத்திகையே பார்க்காத இழுவையைப் பாடியது யார்? மினிபஸ் மேல் நின்று பாடியது யார்? தையல் கடைக்காரர் மகளுக்குப் பாட வருமா வராதா என்று எனக்கே தெரியாது, பள்ளிக்கூடத்தைத் தாண்டி அவளை யாரும் பாடவிட்டதே இல்லையே. ஆனால் கட்டிலில் கிடந்த அந்தம்மாவைப் பார்த்தால் வேறொன்றும் தோன்றவில்லை. ஒரு தாய் மகளைக் கேட்கிறாள். பேரைக் கொடுத்தவளே அவள்தான். இல்லை என்று சொல்ல நான் யார்?

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "பூமயிலு, போயிட்டு வா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. யார் கிளம்பினாலும் போ என்று மொட்டையாகச் சொல்லி நமக்குப் பழக்கமில்லையே. கடைக்குப் போகிற உன்னிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. வாய் தானாகப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. வெள்ளையம்மா ஆத்தா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "வான்னு சொல்லிட்டியே" என்றார். திரும்பச் சொல்கிறேன் ஆத்தா என்று பதறினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். உதடு கோணிச் சிரிக்கிற மாதிரி இருந்தது. என் தோளுக்கு அங்கிட்டுப் பார்த்து, "சரித்தா. வழி மட்டும் காட்டிட்டுத் திரும்பிரு. பாவம், இந்தப் புள்ளைக்கும் வேற யாரு இருக்கா" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மத்தியானத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகும்போது மாரடித்து அழ மகள் இல்லை என்று ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட முடியவில்லை. வாயைத் திறந்து, அந்த மூச்சு வராவிட்டால் என் குரல் என்னவாகும் என்று பயம். வந்துவிட்டாலோ, அந்தக் கிழவி எந்த இருட்டில் தனியாக நடந்து போகிறாளோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கும்போது முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. அந்த அமைதியில் சில நாள், ரொம்பத் தூரம் நடந்து வருகிறவர்களுக்கு இரைக்குமே, அந்த மாதிரி ஒன்று சமையல்கட்டுப் பக்கம் கேட்டது. போய்ப் பார்த்தால் அடுப்பில் குக்கர்கூட இருக்காது.

நேற்று நீ கோபமாகப் போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளை தன் கல்யாணத்தில் அம்மா பாட வேண்டும் என்று கேட்கிறான். கல்யாணக் களையில் இருக்கிற மாப்பிள்ளைக்குத் தெரியுமா அம்மாவின் பயம்? இன்று காலை ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டையில் நம் குமரன் ஸ்டுடியோவுக்குப் போனேன். இருபது வருசமாக என் மூச்சை வெட்டிப் போடுகிறவன் அவன். ஒன்றும் சொல்லாமல் மைக்கைப் போடச் சொன்னேன். இடது கையை மடியில் வைத்து வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த முதல் அம்மன் பாட்டைப் பாடினேன். நடுவில் மாஸ்டரின் இழுவை வருகிற இடத்தில் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை.

முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குமரன் தலையைக் குனிந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அறைக்குள் போனேன்.

"என்னப்பா, குரல் போச்சா?"

"குரல் நல்லாருக்குக்கா. கொஞ்சம் கரகரப்பு, அது வயசுக்கு இருக்கிறதுதான். ஆனா இது ஒங்க பழைய குரல் இல்ல. வேற ஆள் பாடுற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு தயங்கினான். "எப்பவும் அந்த மூச்சு ஒங்களுக்கு முன்னாடி வரும்லக்கா. இன்னைக்கு ஒங்களுக்குப் பின்னாடி வருது. நீங்க இழுத்ததுக்கு அப்புறம், பாத்துப் பாத்து இழுக்கிற மாதிரி. வெட்டிரவா?"

வேண்டாம் என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பயத்தில் அழவில்லை, தம்பி. அவள் போய், ஆத்தாளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சொன்ன சொல்லுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். இவ்வளவு காலம் அவள் முன்னால் பாடினாள், நான் பின்னால் பாடினேன். இப்போது என்னை முன்னால் விட்டிருக்கிறாள். அறுபது வயதுக்கு மேல் என் குரலை நான் இன்றைக்குத்தான் கேட்டேன். அவ்வளவு மோசமில்லை.

அபிநயாவிடம் சொல், அத்தை பாடுகிறேன். மினிபஸ் பாட்டும் பாடுகிறேன், பிள்ளைகள் ஆடட்டும். மேடையில் என் இடது பக்கம் மட்டும் யாரையும் நிறுத்த வேண்டாம், கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல். அந்தப் பெண் நம் வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் அவளை இந்த வீட்டுக்கு ஏற்ற வேறொருத்தியாக மாற்றப் பார்க்காதே. அவள் எப்படிச் சிரிக்கிறாளோ, எதற்குக் கோபப்படுகிறாளோ, அதையெல்லாம் அவளாகவே செய்யட்டும். இன்னொருத்தியின் பேரைச் சுமந்துகொண்டு ஒருத்தி வாழலாம், நான் வாழ்ந்திருக்கிறேன், குறையொன்றும் இல்லை. ஆனால் தன் குரல் எது என்று தெரிய அவளுக்கு இத்தனை வருசம் ஆகக் கூடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ வாட்ஸப்பில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. நன்றாக இருக்கிறது. உங்கப்பா பேருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட்டிருக்கிறாய், அது சரி. அவருக்குப் பக்கத்தில் பூமயில் என்று போட்டிருக்கிறாய், அதை எடுத்துவிட்டு என் பேரைப் போடு. ரேஷன் கார்டில் இருக்கிற பேர். கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் என்ற இடத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாக இருக்கிறதே, அங்கே பெரியம்மா என்று ஒரு வரி சேர்த்து பூமயில் என்று போடு. அவள் என்னைவிட ஒன்றிரண்டு மாதமாவது மூத்தவளாகத்தான் இருப்பாள். அச்சகத்தில் யார் இது என்று கேட்டால் அம்மாவுக்கு அக்கா என்று சொல். அமரர், தெய்வத்திரு என்று பேருக்கு முன்னால் ஏதாவது போட வேண்டுமா என்று அவர்கள் வழக்கமாகக் கேட்பார்கள்.

அவளுக்குப் போட வேண்டாம்.

அம்மா